ஆடிக் காற்றுக்கு எதிரே ஒரு விமானம்

பீளமேடு,
கோயமுத்தூர்.
27-7-96

அன்பு மகள் ரங்கநாயகிக்கு நாயனா எழுதிக்கொள்வது. பெருமாள் புண்ணியத்தில் இங்கே நான் திடமாக இருக்கிறேன், முட்டிவலி கூட இந்த மாதம் தலைகாட்டவில்லை. அங்கே அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளை சீனிவாசலுவும் இன்னும் முகம் காட்டாத அந்தச் சின்ன உயிரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், காலையில் விளக்கேற்றும்போது நான் கேட்கிற ஒரே வரம் அதுதான். உன் கடிதம் வந்தது. டாக்டரம்மா உன்னைக் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லியிருப்பதையும், மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் பொழுதுக்கும் நீ தனியாகப் படுத்துக் கிடப்பதையும் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் அந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் பெட்டி கட்டியிருப்பாள். கடைசியில் நீ எழுதியிருந்தாய், நாயனா உங்களுக்கு விமானம் என்றால் பயம் என்று எனக்குத் தெரியும், சிரமப்பட்டு வர வேண்டாம், இங்கேயே யாராவது ஆள் வைத்துக்கொள்கிறோம் என்று. அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதில் கொஞ்சம் நீளமாகப் போகும், அவசரமில்லாமல் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு படி.

முதலில் உன் பங்காரம்மா அத்தையிடம்தான் போய்ச் சொன்னேன், அக்கா நான் டெட்ராய்ட் போகலாம் என்று இருக்கிறேன் என்று. உன் அத்தை கையில் இருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்டா பாலு, ஆம்பளை போய்ப் பிரசவம் பாக்கற வழக்கம் நம்ம சாதிசனத்துல எங்கயாச்சும் உண்டா? அதும் நீயி, பொருட்காட்சி ராட்டினத்துல ஏறச் சொன்னாலே வயித்தைப் புடிச்சுட்டு நிக்கறவன்" என்றார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு, அவரைப் போகச் சொல்ல முடியாது. வேறு யாரை அனுப்புவது என்று நான் கேட்டதற்கு, கீரையைத் திரும்ப எடுத்து ஆயத் தொடங்கினார். ஆனால் ராட்டினம் பற்றி அவர் சொன்னது பொய்யும் இல்லை. என் பயம் உனக்குத் தெரிந்ததுதானே. இத்தனை வருஷமாகப் பம்ப் செய்கிறவன் நான், சுழல்கிற எதுவும் ஒருநாள் நிற்கும் என்பதைத் தவிர வேறெதையும் அவ்வளவு நிச்சயமாகக் கற்றுக்கொள்ளவில்லை. கிணற்றில் மோட்டார் நின்றால் தண்ணீர் வராது, அவ்வளவோடு போயிற்று, ஆள் வந்து பார்ப்பான். வானத்தில் நின்றால்? இந்தக் கேள்விக்கு யாராவது எனக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்லிவிட்டால் ஏறிவிடலாம் என்று தோன்றியது. தைரியம் சொல்கிறவர்கள் எனக்கு வேண்டாம், அது எப்படி மேலே நிற்கிறது என்று சொல்கிறவர்கள்தான் வேண்டும்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு மாடி வீட்டுக்கு ராசாத்தாள் என்று ஒரு டீச்சரம்மா குடிவந்திருக்கிறார் என்று எழுதியிருந்தேன் அல்லவா, பெண்கள் காலேஜில் பௌதிகம் நடத்துகிறவர், தாராபுரம் பக்கத்துக்காரர். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு தாளை நீளவாக்கில் கிழித்து, ஒரு நுனியை உதட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு மேல்பக்கமாக ஊதினார். தொங்கிக்கொண்டிருந்த தாள் மேலே எழும்பியது. எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. பிறகு இறக்கையின் மேல்பக்கம் வளைவாக இருக்கிறது, அதனால் மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகிற காற்றோடு பின்முனையில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதால் அது வேகமாக ஓடுகிறது, வேகமாக ஓடுகிற இடத்தில் அழுத்தம் குறைகிறது என்று விளக்கினார். நான் கேட்டேன், "ஏனுங்க டீச்சர், மேல போற காத்துக்குக் கீழ போற காத்தைப் போய்ப் புடிச்சே ஆகோணும்னு என்னங்க கட்டாயம்? ரெண்டும் என்ன ஒரே பஸ்ஸுலயா டிக்கெட் எடுத்திருக்குது?" என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "கட்டாயம் ஒண்ணுமில்லைங்க. பாடப்புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது, நானும் அப்படியே சொல்லிப்போட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றார். காலேஜ் லைப்ரரியிலிருந்து கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, படித்துவிட்டு, அவரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். மேல்காற்று வேகமாக ஓடுவது உண்மை, அழுத்தம் குறைவதும் உண்மை, ஆனால் இரண்டு காற்றும் ஒன்றாகப் போய்ச் சேர்வது மட்டும் உண்மையில்லையாம். இறக்கை செய்கிற வேலையை ஒரே வார்த்தையில் சொன்னால், எதிரே வருகிற காற்றைப் பிடித்துக் கீழே தள்ளிவிடுகிறது, கீழே தள்ளப்பட்ட காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான் என்றார்.

தள்ளினால் திருப்பித் தள்ளும் என்பது எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பட்டறையில் பெரிய பம்ப்பை ஓடவிட்டு சோதித்துப் பார்க்கும்போது ஹோஸ் நுனியைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று நீயே சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், தண்ணீர் முன்னால் பாய்கிற வேகத்துக்கு ஹோஸ் பின்னால் துள்ளிக்கொண்டு ஓடும், இரண்டு ஆள் சேர்ந்து பிடித்தாலும் அடங்காது. விமானத்தின் எஞ்சினும் அதேதான் கண்ணு. முன்னால் இருக்கிற காற்றை உள்ளே இழுத்துப் பின்னால் வீசி எறிகிறது, அந்த உதையில் விமானம் முன்னால் போகிறது. நான் இத்தனை நாள் எஞ்சின்தான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்குவது இறக்கை, எஞ்சின் முன்னால் தள்ள மட்டும்தான் செய்கிறது. முன்னால் போகும்போது காற்று எதிர்த்து இழுக்கும், அந்த இழுப்பை எஞ்சினின் தள்ளல் சரிக்கட்ட வேண்டும். பூமி கீழே இழுக்கும், அந்த எடையை இறக்கையின் தூக்கல் சரிக்கட்ட வேண்டும். நாலு பேர் நாலு பக்கம் இழுக்கிற பாகப்பிரிவினை மாதிரி இருக்கிறதே என்றேன். ஆமாங்க, ஆனா இங்க எதிரெதிரா இழுக்கற ஜோடி ரெண்டும் சமமா இருந்தாத்தான் வண்டி நேராப் போகும் என்றார் டீச்சர்.

கேட்டதோடு விட்டால் நான் உன் நாயனா இல்லையே. அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, மேல்பக்கம் லேசாக வளைத்து, இறக்கை மாதிரி செய்து, நட்டு போல்ட் நிறுக்கிற தராசின் மேல் ஒரு கம்பியில் நிறுத்தி, எதிரே பட்டறையின் பெரிய காற்றாடியைப் போட்டேன். டீச்சரும் வந்திருந்தார். தகட்டை மட்டமாக வைத்தபோது தராசு முள் கொஞ்சம்தான் இறங்கியது. முன்விளிம்பைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன், முள் நன்றாக இறங்கியது, அதாவது தகட்டின் எடையைக் காற்று தாங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் தூக்கினேன், இன்னும் இறங்கியது. இப்படியே தூக்கிக்கொண்டே போனால் தகடு பறந்துவிடும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தூக்கினேன் பார், தகடு வெடவெடவென்று நடுங்கி, முள் சட்டென்று பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. டீச்சர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார், அளவுக்கு மீறி மூக்கைத் தூக்கினால் மேலே ஓடுகிற காற்று இறக்கையை ஒட்டிப் போகாமல் பிய்த்துக்கொள்ளும், தூக்கல் போய்விடும், விமானிகள் பயப்படுவது இதற்குத்தான் என்று. அப்போதுதான் என் பழைய கேள்வியைக் கேட்டேன், எஞ்சின் நின்றால் என்ன ஆகும். "நீங்க குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் எறங்கறப்ப எஞ்சினை ஆஃப் பண்ணிப்போட்டாலும் வண்டி நிக்குதுங்களா? எறக்கம் தள்ளீட்டே போகுதல்ல? அதே மாதிரி விமானி மூக்கைக் கொஞ்சம் கீழ சாய்ப்பாரு, அதோட சொந்த எடையே அதை முன்னால தள்ளும், வேகம் இருக்கற வரைக்கும் றெக்கை தூக்கும். கோயமுத்தூருக்கு மேல பெரிய விமானம் பறக்கற உசரத்துல நின்னுபோச்சுன்னா ஈரோடு தாண்டிக்கூட வழுக்கீட்டே போலாமுங்க" என்றார். கல் விழுவது போல விழாது, படிப்படியாக இறங்கும். இது எனக்குத் தெரியாமலேயே இத்தனை வருஷம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சாயங்காலம் பட்டறையை அடைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக் கம்பிவேலி ஓரம் போய் நின்றுகொள்வேன். ஆடி பிறந்துவிட்டது, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வேட்டியைப் பறிக்கிறது. மெட்ராஸ் போகிற விமானம் கிழக்கே போக வேண்டியதுதானே, அது நேர் எதிராக மேற்கே மூக்கை வைத்து, காற்றின் முகத்துக்கு நேராக ஓடி எழும்பி, அப்புறம் ஒரு வட்டம் போட்டுத் திரும்பிப் போகிறது. இவ்வளவு காற்றில் எதிர்த்து ஓட வேண்டுமா என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது, இறக்கைக்கு வேண்டியது தன்மேல் ஓடுகிற காற்றின் வேகம், தரைமேல் ஓடுகிற வேகம் இல்லை. எதிர்க்காற்று அடித்தால் அதில் ஒரு பங்கு சும்மாவே கிடைத்துவிடுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம்மவர்கள் சொல்வார்கள், அம்மி பறக்காது கண்ணு, அதற்கு இறக்கை இல்லை. ஆனால் போன வருஷம் நம் பட்டறைக் கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்து போனதே, அது உள்ளே அமுங்கவில்லை, மேலே உறிஞ்சப்பட்ட மாதிரி எழும்பித்தான் போனது. வேலி ஓரம் நின்றபோது அதுவும் ஞாபகம் வந்தது.

விசாவுக்கு மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. நீலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுக்கத்தான் போனேன், ஸ்டேஷன் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, விமானத்துக்கு எடுத்துவிட்டேன். மெட்ராஸே போக முடியாதவன் டெட்ராய்ட் எப்படிப் போவது என்று தோன்றியது. உன் அத்தையிடம் ரயில் என்று நினைத்துக்கொள்ளும்படி எதுவும் சொல்லவில்லை, நேராகவே சொன்னேன், அவர் காசு முடிந்து உண்டியலில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே உட்கார்ந்து பெல்ட் போட்டதும் எல்லாப் பாடமும் மறந்துவிட்டது. எஞ்சின் முழு வேகம் எடுத்தபோது யாரோ நெஞ்சில் கைவைத்துச் சாய்வுப் பலகையோடு அழுத்துகிற மாதிரி இருந்தது, இதுதான் தள்ளல், இதுதான் தள்ளல் என்று எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டேன். மூக்கு எழும்பியது, பீளமேட்டு மில் புகைக்கூண்டுகள் சாய்ந்தன, நொய்யல் ஒரு கோடாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் திடீரென்று குறைந்தது பார், எனக்கு உயிரே போய்விட்டது. நின்றுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். முன் சீட்டுக்காரர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார், பணிப்பெண் மிட்டாய்த் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அந்த மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசித்தேன், ஏறுகிறவரைக்கும்தான் கூடுதல் தள்ளல் வேண்டும், மேட்டில் ஏறி முடித்த வண்டிக்கு எதற்கு அத்தனை ஆக்சிலரேட்டர். சத்தம் குறைந்தது நிற்பதற்காக இல்லை, நாலு இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டது என்பதற்காக. அதன்பிறகுதான் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டேன்.

விசா ஆபீஸில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார துரை, பக்கத்தில் தமிழ் பேசுகிற ஒரு பெண். பிரசவத்துக்கு அம்மாதானே போவாங்க, நீங்க எதுக்கு என்று அந்தப் பெண் கேட்டாள். அவங்க இல்லைங்க, நான்தான் இருக்கறேன் என்றேன். அவள் அதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னாள். உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா என்று அவர் கேட்டார். நாலு வருஷமாக நான்தான் சமைக்கிறேன் என்றேன். அவ்வளவுதான், சாயங்காலம் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் கொண்டுபோன அத்தனை காகிதத்தில் பாதியை அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் திரும்பி வரும்போதுதான் சோதனை. பக்கத்து சீட்டில் பல்லடத்துக்காரர் ஒருவர், மாசாணம் என்று பேர், கோழித் தீவன வியாபாரம், மாதம் தவறாமல் விமானத்தில் போய்வருகிறவராம். ஏறியதும் தூங்கிவிட்டார். கோயமுத்தூரை நெருங்கியபோது விமானம் ஆடிக்காற்றில் பந்தயத்து ரேக்ளா மாட்டுவண்டி மாதிரி தூக்கிப் போட ஆரம்பித்தது. சக்கரம் இறங்கிய சத்தம் கேட்டது. ஜன்னலில் சின்னியம்பாளையத்து வீட்டு மாடிகளில் காயப்போட்ட துணி வரை தெரிந்தது. தரை தொடப் போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து குலுங்கியது, மறு நொடி எஞ்சின் இரண்டும் அலறின, மூக்கு மேலே போனது, சக்கரம் மறுபடி உள்ளே போனது. ஓடுபாதை எங்களுக்குக் கீழே ஓடி மறைந்துவிட்டது. பின்னால் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. மாசாணம் விழித்துக்கொண்டு என் கையைப் பிடித்த பிடி இப்போதும் மணிக்கட்டில் நீலமாக இருக்கிறது. "ஏனுங்க, என்னுங்க ஆச்சு, எறங்காம ஏன் மேல போறானுங்க?" என்று அங்காளம்மனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்தது கண்ணு. பக்கக் காற்று தள்ளுகிறது, விமானிக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டு மறுபடி வரப் போகிறார், அதற்குத்தான் முழுத் தள்ளல். அதையே அவருக்குச் சொன்னேன், எஞ்சின் இத்தனை கத்துதுன்னா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தமுங்க, மூக்கை அளவாத்தான் தூக்கியிருக்காரு, றெக்கைக்குக் காத்து ஒட்டீட்டுத்தான் போகுது, ஒரு சுத்து சுத்திப்போட்டுத் திரும்ப வருவாருங்க என்று. சொல்லி முடிப்பதற்குள் விமானி ஒலிபெருக்கியில் அதையேதான் இங்கிலீஷில் சொன்னார். மாசாணம் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க ஏரோபிளேன் கம்பெனிங்களா?" என்று கேட்டார். இல்லைங்க, பம்ப் கம்பெனி என்றேன். அவருக்கு அது நம்பிக்கை தரவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் கையை விடவும் இல்லை.

இரண்டாம் தடவை பாதையில் சக்கரம் பட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள். வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பயம் போய்விட்டதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போகவில்லை. உனக்குப் பொய் எழுத மாட்டேன், டெட்ராய்ட் வருகிற வழியெல்லாம் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் முன்பெல்லாம் பயம் மட்டும்தான் இருந்தது, இப்போது அதோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையும் வந்துவிட்டது. விமானம் தலைகீழாகவும் பறக்குமாமே, அப்போது இறக்கையின் வளைவு கீழே போய்விடுமே, எப்படித் தூக்கும்? விமானத்தின் மூக்கைத் தூக்கி வைக்கிற கோணம்தான் காரணம் என்கிறார் டீச்சர், எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. மாப்பிள்ளை வேலை செய்கிற கார் கம்பெனியில் காருக்கு எதிரே காற்றடித்துப் பார்க்கிற பெரிய குகை மாதிரி இடம் இருக்கிறதாமே, ஒருநாள் என்னை உள்ளே விடுவார்களா என்று அவரிடம் கேட்டு வை. வெளியாளை விடமாட்டார்கள் என்றால் பரவாயில்லை, அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பங்காரம்மா அத்தை நான் வீடு வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று, நேத்து எங்கடா சாப்டே என்று. மறுநாள் காலையில் அவரே வந்து, பூண்டுக் குழம்பு எப்படி வைப்பது, பெற்றவளுக்கு எத்தனை நாள் எது ஆகாது, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது கழுத்தை எப்படித் தாங்குவது என்று ஒரு தலையணையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் தலையணையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவரும் கற்றுக்கொண்டார். லேகியம் கிளறித் தருகிறேன் என்றிருக்கிறார் அத்தை. பட்டறையை என் பங்காளி நரசிம்மலு பார்த்துக்கொள்வான்.

ஆவணி பிறந்ததும் புறப்படுகிறேன், நாளும் விமான நம்பரும் மாப்பிள்ளைக்குத் தனியாகத் தந்தி கொடுக்கிறேன். உனக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, பெருமாள் உன்னையும் பிள்ளையையும் இரண்டு கையாலும் தாங்கட்டும், மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே, வாய் கசந்தால் ஒரு துண்டு வெல்லம் போட்டுக்கொள். முக்கியமாக ஒன்று, என்னைக் கூட்டிப்போக நீ ஏர்போர்ட்டுக்கு வரக்கூடாது, படுக்கையை விட்டு எழுந்தால் நான் அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவேன். நேற்று ரேஸ்கோர்ஸ் பக்கம் டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் எடுத்தபோது அங்கிருந்த பெண்ணிடம் இறக்கைக்குப் பக்கத்து ஜன்னல் சீட் கேட்டேன். அங்கே உட்கார்ந்தால் வழியெல்லாம் வேறொன்றும் தெரியாது சார், றெக்கை மட்டும்தான் தெரியும் என்றாள். எனக்கு அதுதான் வேணுமுங்க அம்மணி என்றேன்.

இப்படிக்கு,
உன் நாயனா
கோ. பாலகோபால்